பதிப்பெண்ணை இயந்திரத்தின் தலையில் கட்டுவது எப்படி?

ஹட்டன், நோர்வூட், தலவாக்கலைப் பக்கம் லயத்து அறையிலோ டவுன் போர்டிங்கிலோ உட்கார்ந்து லைப்ரரி எழுதும் தம்பி தங்கைகளுக்காக இந்தக் கையேடு. நிரல் எழுத உங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. எழுதி முடித்த பிறகு 1.4.2 என்று வெளியிடுவதா, 1.5.0 என்பதா, துணிந்து 2.0.0 என்றே போட்டுவிடுவதா என்று நடுச்சாமம்வரை முழித்திருக்கிறீர்களே, அந்த நோய்க்குத்தான் மருந்து. கமிட் குறிப்பைப் படித்துத் தானே எண் போட்டு, தானே மாற்றப் பட்டியல் எழுதி, தானே வெளியிட்டுவிடும் ரோபோ ஒன்றை வைத்துவிட்டால் பொறுப்பு தலையிலிருந்து இறங்கிவிடும். அப்படித்தான் எல்லோரும் நம்பித் தொடங்குகிறார்கள். நீங்களும் நம்பியே தொடங்குங்கள்.

உதாரணத்துக்கு ஒரு லைப்ரரி வேண்டும். கற்பனையாக ஒன்றை வைத்துக்கொள்வோம்; பெயர் ‘பேர்க்கணக்கு’. மடுவத்தில் நிறுத்த கொழுந்தின் கிலோவைக் கொடுத்தால், அன்றைக்கு அந்த அக்காவுக்கு முழுப் பேரா அரைப் பேரா (முழு நாட்சம்பளமா பாதியா), மேலதிகக் கிலோவுக்கு எவ்வளவு என்று சொல்லிவிடும். செக்ரோல் என்ற சம்பளப் பதிவேட்டை எழுதும் செயலிகள் இதை இழுத்துப் பாவிக்கின்றன. சின்ன லைப்ரரிதான். ஆனால் இதில் ஒரு புள்ளி தவறினால் மாதக் கடைசியில் யாருடைய வீட்டு அரிசியிலோ போய் விடியும்.

இயந்திரத்தை நம்பலாமா என்று சந்தேகப்படுகிறவர்கள் முதலில் மனிதர்கள் எண் வைத்த இலட்சணத்தைப் பாருங்கள். டொனால்ட் குனூத்தின் டெக் மென்பொருள் ஒவ்வொரு வெளியீட்டிலும் பை என்ற கணித மாறிலியை நோக்கி ஒரு இலக்கம் நகர்கிறது. 2021-இல் அது 3.141592653. லினஸ் டோர்வால்ட்ஸ் 2011-இல் 2.6.39-க்கு அடுத்து 3.0 என்று வைத்தார். லினக்ஸுக்கு இருபது வயது என்பதைத் தவிர அந்தத் தாவலுக்குப் பெரிய காரணம் ஒன்றும் இல்லை. பின்னாளில் 4.20-க்குப் பிறகு 5.0 வந்தபோது, எண்ணுவதற்குக் கைவிரலும் கால்விரலும் தீர்ந்துவிட்டன என்று பகிடி விட்டார். பெரிய மனிதர்கள், செய்யலாம். நீங்கள் மனநிலைக்கு எண் வைத்தால் செயலிக்காரர் அடுத்த நாளே கூப்பிடுவார்.

சட்டம் சின்னதுதான். கிட்ஹப்பைத் தொடங்கியவர்களில் ஒருவரான டாம் பிரெஸ்டன் வெர்னர் எழுதிவைத்த செமாண்டிக் வெர்ஷனிங் விதிப்படி எண் மூன்று. கடைசி எண் ஏறினால் பிழை ஒன்று திருந்தியிருக்கிறது. நடு எண் ஏறினால் புதிதாக ஏதோ சேர்ந்திருக்கிறது, பழையது கெடவில்லை. முதல் எண் ஏறினால் பாவிக்கிறவர் தம் நிரலைத் திருத்தவேண்டி வரும். ஆங்குலர் குழுவினர் தங்கள் கமிட்களுக்கு வைத்திருந்த ஒழுங்கிலிருந்து பிறந்த கன்வென்ஷனல் கமிட்ஸ், இந்த மூன்றையும் குறிப்பின் முன்னொட்டோடு முடிச்சுப் போட்டது. ‘ஃபிக்ஸ்:’ என்றால் கடைசி எண். ‘ஃபீட்:’ என்றால் நடு எண். முன்னொட்டோடு ஒட்டிய ஆச்சரியக்குறியோ, குறிப்பின் அடியில் ‘பிரேக்கிங் சேஞ்ச்’ என்ற வரியோ இருந்தால் முதல் எண். ‘டாக்ஸ்:’, ‘சோர்:’ வகைகளுக்கு எண் ஏறாது. ரோபோவின் மொத்தப் படிப்பும் இவ்வளவுதான். (இந்த ஒழுங்கைப் பெற்றெடுத்த ஆங்குலரே 2017-இல் 2-இலிருந்து 3-ஐத் தாண்டி 4-க்குப் போனது. அதன் ரவுட்டர் பொதி ஏற்கெனவே 3-இல் நின்றதால், எல்லாவற்றையும் ஒரே எண்ணுக்குக் கொண்டுவர வேறு வழியில்லை.)

ரோபோவைத் தேர்ந்தெடுப்பதில் அதிகம் யோசிக்காதீர்கள். செமாண்டிக் ரிலீஸ் என்பது பொறுமையில்லாதது. முதன்மைக் கிளையில் கமிட் விழுந்த உடனே எண் போட்டு வெளியே அனுப்பிவிடும். கூகுளின் ரிலீஸ் ப்ளீஸ் பெயருக்கேற்ற மரியாதைக்காரன். அடுத்த எண் இது, மாற்றங்கள் இவை என்று ஒரு புல் ரிக்வெஸ்ட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, நீங்கள் ‘சரி’ சொல்லும்வரை காத்திருக்கும். சேஞ்ச்செட்ஸ் கமிட் குறிப்பை நம்புவதே இல்லை. மாற்றத்தின் தரத்தைத் தனிக் கோப்பில் எழுதித் தரச் சொல்லும். சம்பளக் கணக்கு போடும் லைப்ரரிக்கு நான் மரியாதைக்காரனைத்தான் சிபாரிசு செய்வேன். ஆனால் இது பொறுப்பை இறக்கிவைக்கும் கையேடு. ஆகவே பொறுமையில்லாததையே பூட்டுங்கள்.

பூட்டிய முதல் நாள் ஒன்றும் நடக்காது. காரணம் உங்கள் பழைய பழக்கம். ‘ஃபிக்ஸ்’, ‘ஃபிக்ஸ் 2’, ‘ஃபைனல்’, ‘ஃபைனல் ஃபைனல்’, ‘அப்பாடா’ என்று வரிசையாக எழுதியிருப்பீர்கள். முன்னொட்டுக்குப் பிறகு முக்காற்புள்ளி இல்லாததால் ‘ஃபிக்ஸ் 2’ ரோபோவின் கண்ணில் திருத்தமே இல்லை. ‘அப்பாடா’வும் அதுவும் ஒரே சாதி. இப்போது உங்களுக்கு ஞானம் பிறக்கும்: ‘ஃபிக்ஸ்:’ என்று சரியாகப் போட்டால் உடனே வெளியீடு வருகிறது! அன்றிலிருந்து எல்லாமே ‘ஃபிக்ஸ்:’தான். வாசிப்புக் கோப்பில் ஒரு எழுத்துப்பிழை திருத்தினாலும் ‘ஃபிக்ஸ்:’. அட்டன் என்பதை ஹட்டன் என்று மாற்றினாலும் ‘ஃபிக்ஸ்:’. உலகம் 1.4.3-ஐ இறக்கிப் பார்க்கும், உள்ளே 1.4.2 அப்படியே இருக்கும். வேகமாக வேலை செய்கிற குழு என்று பெயர் கிடைக்கும்.

இதைத் தடுக்க யாராவது கமிட்லின்ட் என்ற காவற்காரனைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்துவார்கள். முன்னொட்டு தெரிந்த பட்டியலில் இருக்கிறதா, தலைவரி நீளமா என்று பார்த்து, பிடிக்காவிட்டால் கமிட்டையே திருப்பி அனுப்புவான். முக்காற்புள்ளிக்குப் பிறகு தமிழில் எழுதலாம், தாராளமாக எழுதுங்கள். ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள். வழக்கமான விதித்தொகுப்பில் தலைவரிக்கு எல்லை 100. நம் கண்ணுக்கு ‘கொழுந்து’ நான்கு எழுத்து. காவற்காரன் உயிர்க்குறியையும் புள்ளியையும் தனித்தனியாக எண்ணி எட்டு என்பான். ஆங்கிலக்காரன் ஒரு வரியில் கதை சொல்லும் இடத்தில் நமக்குப் பாதி வரிதான் பங்கு. நல்லதுதான். ‘பல்வேறு மேம்பாடுகளும் சீர்திருத்தங்களும்’ என்று எழுத இடம் இருக்காது.

இனி முக்கிய இடத்துக்கு வருவோம். ‘பேர்க்கணக்கு’க்குள் ஒரு வரி இருக்கிறது: நிறுத்த கிலோ, தோட்டம் வைத்த கிலோவைவிடக் கூடுதலாக இருந்தால் முழுப் பேர், இல்லாவிட்டால் அரைப் பேர். தோட்டம் வைத்தது 18 என்றால், சரியாக 18 கிலோ பறித்தவருக்கு அரைப் பேர் விழுகிறது. இது அநியாயம் என்று உங்களுக்கே படுகிறது. ‘கூடுதலாக’ என்பதை ‘கூடுதலாகவோ சமமாகவோ’ என்று மாற்றுகிறீர்கள். ஒரே ஒரு குறி கூடுகிறது. குறிப்பு எழுதுகிறீர்கள்: ‘ஃபிக்ஸ்: எல்லைக் கிலோவுக்கு முழுப் பேர்’. ரோபோ 1.4.4 என்று போட்டு வெளியிடுகிறது. கடைசி எண் மட்டும் ஏறியிருப்பதால் தோட்ட ஆபீசில் ஓடும் செயலி கேள்வியே கேட்காமல் இரவோடிரவாக அதை இழுத்துக்கொள்கிறது. காலையில் தொலைபேசி.

“தம்பி, நேத்து வரைக்கும் பதினெட்டு கிலோவுக்கு அரைப் பேர் காட்டுச்சு. இன்னைக்கு முழுப் பேர் காட்டுது. என்ன செஞ்சீங்க?”

“ஒரு சின்ன ஃபிக்ஸ்தான் கிளாக்கர் ஐயா.”

“சின்னதுன்னா ஏன் நாப்பது பேரோட சம்பளம் மாறுது? பெரிய தொரை கேட்டா நான் என்னான்னு சொல்ல?”

கூகுளில் வேலை பார்த்த ஹைரம் ரைட்டின் பெயரால் ஒரு விதி வழங்குகிறது. பாவிக்கிறவர்கள் போதிய அளவு பெருகிவிட்டால், நீங்கள் எழுத்தில் என்ன வாக்குக் கொடுத்தீர்கள் என்பது முக்கியமில்லை. உங்கள் நிரல் கண்ணுக்குத் தெரிய எப்படி நடந்துகொள்கிறதோ, அதன் ஒவ்வொரு நடத்தையையும் நம்பி யாரோ ஒருவர் வேலை செய்துகொண்டிருப்பார். உங்கள் பிழையும் அதில் அடக்கம். நீங்கள் திருத்தியது பிழைதான். கிளாக்கருக்கு உடைந்ததும் உண்மைதான். இரண்டும் ஒரே கமிட்டுக்குள் இருக்கும்போது எந்த முன்னொட்டு என்று முடிவுசெய்ய ரோபோவுக்கு வழியே கிடையாது. அது மடுவத்துத் தராசு. கொட்டியதை நிறுக்கும், கொட்டியது கொழுந்தா முற்றல் இலையா என்று கிளறிப் பார்க்காது. எந்த முன்னொட்டு என்பதை நீங்கள் கமிட் எழுதிய அந்த நிமிடத்தில், தூக்கக் கலக்கத்தோடு, நான்கு எழுத்தில் முடிவுசெய்து முடித்துவிட்டீர்கள். முன்பெல்லாம் வெளியிடும் நாளில் ஒரு தடவை செய்த முடிவை இப்போது ஒவ்வொரு கமிட்டிலும் செய்துகொண்டிருக்கிறீர்கள். பொறுப்பு இறங்கியதாகச் சொன்னது யார்?

இதைவிடச் சிக்கலான பாடம் அரசாங்கம் தரும். நாட்சம்பளம் ஒரு மாறிலியாக உங்கள் லைப்ரரிக்குள் உட்கார்ந்திருக்கிறது என்று வையுங்கள். 2021 மார்ச்சில் 1000 ரூபாய் என்றார்கள். 2024 மே தினத்தன்று கொட்டகலைக் கூட்டத்தில் அப்போதைய ஜனாதிபதி ரணில் விக்கிரமசிங்க 1700 என்றார், வர்த்தமானியும் வந்தது. பெருந்தோட்டக் கம்பனிகள் வழக்குப் போட்டன. ஜூலையில் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. செப்டம்பரில் அடிப்படைச் சம்பளம் 1350 என்று முடிந்தது. 1700, தடை, 1350 என்ற இந்த மூன்று கமிட்களுக்கும் முன்னொட்டுப் போடுங்கள் பார்ப்போம். ஒரு செயற்கூறின் பெயரும் மாறவில்லை, உள்ளே போவதும் வெளியே வருவதும் அதே வகை. விதிப்புத்தகப்படி ‘ஃபிக்ஸ்:’ போதும் என்று வாதாடலாம். ஆனால் மலையகம் முழுக்கக் கணக்கு மாறுகிறது. ஜூலைத் தடைக்கு ‘ரிவர்ட்:’ பொருந்தும். பல ரோபோக்களுக்கு அது புரியும். என்னைக் கேட்டால் அந்த மாறிலியை லைப்ரரியிலிருந்தே பிடுங்கி, அமலுக்கு வரும் திகதியோடு தனித் தரவுக் கோப்பில் வைப்பேன். பதிப்பெண் தகராறுகளில் பாதி, லைப்ரரிக்குள் இருக்கக்கூடாத ஒன்று அங்கே குடியிருப்பதால் வருகிறது. எந்த ரோபோவும் அதைச் சொல்லித்தராது.

எண்ணே வேண்டாம், நாட்காட்டியைப் பார்த்து வைத்துவிட்டுப் போகலாம் என்று நினைக்கிறவர்களுக்கு நம் நாட்டிலேயே முன்னுதாரணம் உண்டு. 2005-இல் தொடங்கிய டபிள்யூஎஸ்ஓ2 நிறுவனம் கொழும்பில் பலரினா என்ற நிரல்மொழியை வளர்த்தது. 2019-இல் அது 1.0. பிறகு பாலே நாட்டியத்தின் பெயரை வைத்து ஸ்வான் லேக் என்ற தலைமுறை வந்தபோது எண் 2201.0.0 ஆனது: 22 என்பது ஆண்டு, 01 என்பது மாதம், பின்னாலிருக்கும் இரண்டும் புதுப்பிப்பும் ஒட்டுத்திருத்தமும். ஆண்டுகள் போயும் முகப்பில் 2201 அசையாமல் நிற்க, நடு எண்தான் ஏறிக்கொண்டே வந்திருக்கிறது. புதிதாய் வருகிறவர் இது என்ன ரயில் இலக்கமா என்று கேட்பார். ஒன்று மட்டும் உறுதி, முன்னால் இருக்கும் எண்ணை அவர்கள் எளிதில் தொடமாட்டார்கள். பலரினா சென்ட்ரல் என்ற அவர்களின் பொதிக் களஞ்சியத்துக்குள் ஒரு பொதியை ஏற்றிவிட்டால் அந்தப் பதிப்பின்மேல் மறுபடி எழுத முடியாது என்பதும் நல்ல கண்டிப்பு.

இயந்திரத்தின் சில்லறைக் குறும்புகளை இங்கே வேகமாகச் சொல்லிவிடுகிறேன். கிட்ஹப் ஆக்ஷன்ஸில் நிரலை எடுக்கும் வழக்கமான படி கடைசிக் கமிட்டை மட்டும்தான் கொண்டுவரும். பழைய டேக்குகளைத் தேடும் கருவி எதையும் காணாமல், இதுதான் தலைப்பிள்ளை போலும் என்று எண்ணத் தொடங்கிவிடும். முழு வரலாற்றையும் எடுக்கச் சொல்லுங்கள். ஆங்குலர் முறையை மட்டும் அறிந்த பாகுபடுத்திகளுக்கு நீண்ட காலம் ஆச்சரியக்குறி புரியவில்லை. ‘ஃபீட்!:’ என்று எழுதி 2.0.0-க்காகக் காத்திருந்தால், வரியே விளங்காமல் தாண்டிப்போய், எந்த வெளியீடும் வராது. ஆகவே அடிவரியையும் எழுதுங்கள். ரோபோ மாற்றப் பட்டியலைக் கமிட் செய்யும், அந்தக் கமிட் ரோபோவை எழுப்பும், எழும்பிய ரோபோ மறுபடி… இதை நிறுத்தும் குறியைக் குறிப்பில் போட மறக்காதீர்கள். பல கமிட்களை ஒன்றாக நசுக்கிச் சேர்த்தால் உள்ளே இருந்த முன்னொட்டுகள் முகப்பு வரியின் கீழே புதைந்துவிடும். ரோபோ முகப்பைத்தான் முதலில் பார்க்கும். 1.9-க்கு அடுத்தது 1.10, சொற்களாக வரிசைப்படுத்தும் உங்கள் ஸ்கிரிப்ட் 1.10-ஐ 1.9-க்கு முன்னால் நிறுத்தும்.

கரண்ட் போனால் என்ன என்று கேட்பீர்கள். 2025 பெப்ரவரி 9 ஞாயிற்றுக்கிழமை பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்ததாக எரிசக்தி அமைச்சர் சொன்னார். நாடு முழுக்க இருண்டது. உங்கள் ரோபோ ஏதோ தூரதேசத்துக் கணினியில் ஓடுவதால் அதற்கு ஒன்றும் ஆகாது. காலையில் நீங்கள் தள்ளிவிட்ட கமிட்டை அது சமர்த்தாக வெளியிட்டு முடித்திருக்கும். பிழையைப் பார்த்து நிறுத்த வேண்டியவர்தான் மெழுகுதிரியோடு இருப்பார்.

சாவி விஷயத்தில் மட்டும் பகிடியைக் கொஞ்சம் தள்ளிவைக்கிறேன். ரோபோ உங்கள் பெயரில் வெளியிட வேண்டுமானால் அதனிடம் டோக்கன் இருக்க வேண்டும். 2025 ஓகஸ்டில் என்எக்ஸ் என்ற பெரிய கருவிக்கு நடந்ததைக் கேளுங்கள். புல் ரிக்வெஸ்ட்டின் தலைப்பு ஒழுங்காக இருக்கிறதா என்று சோதிக்க ஒரு வேலைப்பாய்வை வைத்தார்கள். அந்தச் சோதனை, தலைப்பை அப்படியே ஷெல் கட்டளைக்குள் போட்டது. வெளியாள் ஒருவர் தலைப்பு இருக்க வேண்டிய இடத்தில் கட்டளையை எழுதி அனுப்பினால் அது ஓடும். அந்த வழியாகப் போய் என்பிஎம் டோக்கனை எடுத்து, நஞ்சு கலந்த பதிப்புகளை என்எக்ஸ் பெயரிலேயே வெளியிட்டார்கள். வாசலில் நிறுத்திய காவற்காரன் வழியாகவே உள்ளே வந்திருக்கிறார்கள். ஆகவே நீண்டகால டோக்கனை ரோபோவிடம் கொடுக்காதீர்கள். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் சில நிமிடங்களே உயிர்வாழும் அடையாளத்தைக் கேட்டு வாங்கும் ‘நம்பகமான வெளியீடு’ முறை பைப்பிஐயில் 2023 முதல், என்பிஎம்மில் 2025 முதல் இருக்கிறது. வெளியாள் எழுதும் எந்த எழுத்தையும், தலைப்பானாலும் கமிட் குறிப்பானாலும், ஷெல்லுக்குள் நேரே கொட்டாதீர்கள்.

கடைசியாக, தப்பாக வெளியிட்டதை என்ன செய்வது? அழித்துவிடலாம் என்று கை பரபரக்கும். 2016 மார்ச்சில் அஸெர் கோசுலு தம் பொதிகளை என்பிஎம்மிலிருந்து எடுத்தபோது, அதில் வெறும் 11 வரி கொண்ட லெஃப்ட்பேடும் போனது. அதைச் சார்ந்து நின்ற எத்தனையோ திட்டங்கள் கட்டமுடியாமல் விழுந்தன. அதன் பிறகு விதி இறுகிவிட்டது. இன்றைய விதிப்படி, வெளியிட்ட 72 மணி நேரத்துக்குள், வேறு எந்தப் பொதியும் அதைச் சாராமல் இருந்தால் தாராளமாக எடுக்கலாம். பிறகு நிபந்தனைகள் அதிகம். எடுத்த எண்ணை மறுபடி பாவிக்கவும் முடியாது. 1.4.4 என்ற எண் உங்கள் குடும்பத்தில் செத்தது செத்ததுதான்.

செமாண்டிக் வெர்ஷனிங் இதற்குச் சொல்லும் வழி வேறு. பொருந்தாத மாற்றத்தைத் தவறுதலாகச் சின்ன எண்ணில் விட்டுவிட்டால், விட்டதைத் தொடாதீர்கள். பழைய நடத்தையை மீட்டு நடு எண்ணை ஏற்றி இன்னொன்று விடுங்கள். ஆக 1.5.0-இல் ‘கூடுதலாக’ திரும்ப வரும், 1.4.4-இன்மேல் ‘பாவிக்க வேண்டாம்’ என்ற எச்சரிக்கை ஒட்டப்படும். எல்லைக் கிலோவுக்கு முழுப் பேர் என்ற உங்கள் நியாயம் 2.0.0-க்காகக் காத்திருக்கும், அதைத் தோட்ட ஆபீஸ் படித்துப் பார்த்து, சங்கத்தோடும் பேசி, ஒரு மாதத் தொடக்கத்தில் மாற்றிக்கொள்ளட்டும். 1.5.0-க்கு ‘ரிவர்ட்:’ என்று எழுதினால் பல ரோபோக்கள் கடைசி எண்ணைத்தான் ஏற்றும். நடு எண் வேண்டுமென்றால் ‘ஃபீட்:’ என்று எழுத வேண்டும். புதிதாக ஒன்றும் சேர்க்காமலே, பழைய அநியாயத்தை மறுபடி வைத்ததற்கு ‘ஃபீட்:’. எழுதுங்கள், வேறு வழியில்லை.

மாற்றப் பட்டியலில் ரோபோ ஒரு வரி போட்டிருக்கும். கிளாக்கர் ஐயா அதைப் படிக்கமாட்டார். 10-ஆம் திகதி சம்பளத்துக்கு முன் அவரைக் கூப்பிட்டு, எந்த நாள் காலையிலிருந்து எந்த நாள் மாலைவரை 18 கிலோக்காரர்களுக்கு முழுப் பேர் விழுந்தது என்று சொல்லுங்கள். விழுந்த முழுப் பேரைத் திரும்ப வெட்டுவதா, இருக்கட்டும் என்று விடுவதா என்பதைத் தொரையும் சங்கத் தலைவரும் பேசித் தீர்க்கட்டும்; செக்ரோலில் ஐயா பேனையால்தான் எழுதுவார்.